பிரான்சின் மகுடமும் மகள் வயிற்றுப் பேரனும்

கேள்வி இதுதான்: பெண் அரியணை ஏறக் கூடாது, பெண் வழியில் வந்த பேரனும் ஏறக் கூடாது என்று சொல்லும் சாலிக் சட்டம் பிரான்சில் பழங்காலத்திலிருந்தே இருந்ததே, அது தெரிந்தும் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் ஏன் பிரெஞ்சு மகுடம் தனக்கே என்று கிளம்பினார்? அந்த உரிமையை இங்கிலாந்து எப்போது கைவிட்டது?

முதல் பாதியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எட்வர்ட் உரிமை கோரிய காலத்தில் அப்படியொரு சட்டத்தை யாரும் சுட்டிக்காட்டவில்லை. 1316-இலும் 1328-இலும் நடந்த வாரிசுத் தகராறுகளில் சாலிக் சட்டத்தின் பெயர்கூட அடிபடவில்லை. முதலில் ஒருவர் அரியணையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தது சரிதான் என்று பெரியவர்களைக் கூட்டிச் சொல்ல வைத்தார். அதற்குப் பொருத்தமான சட்ட வாசகத்தை நாற்பது ஆண்டு கழித்து ஒரு துறவி பழைய சுவடியில் கண்டெடுத்தார். நடந்தது இந்த வரிசையில்தான்.

987-இல் ஹியூ கபே அரசரானதிலிருந்து 1316 வரை, பிரான்சில் ஒவ்வொரு அரசருக்குப் பின்னும் அவருடைய மகனே அரசரானார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சங்கிலி அறுபடவில்லை. அதனால் மகளுக்கு உரிமை உண்டா என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆனால் அரசருக்குக் கீழே இருந்த பெரிய சிற்றரசுகளில் கதை வேறு. மகன் இல்லாத இடத்தில் மகள் வாரிசாவது அங்கே சாதாரணம். அக்கிட்டேன் முழுவதும் எலியனோர் என்ற பெண் கைக்குப் போனது. ஷாம்பெய்னும், பைரனீஸ் மலைப்பக்கம் இருந்த நவார் நாடும் ஜோன் என்ற பெண்ணுக்குப் போயின. அந்த ஜோனைக் கட்டிக்கொண்டதால்தான் பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பின் வீட்டுக்கு ஷாம்பெய்ன் வந்து சேர்ந்தது. 1305-இல் ஜோன் இறந்ததும் அவருடைய மூத்த மகன் லூயி நவாரின் அரசரானார், தாய்வழி உரிமையில். பெண் வழியாக வரும் சொத்தை வாங்கிப் போட்டுக்கொள்வதில் கபே வம்சத்துக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

(இந்தக் கதையில் ஜோன் என்ற பெயரில் அரை டஜன் பெண்கள் வருவார்கள். அந்தக் காலத்துப் பிரபுக்களுக்குப் பெயர்ப் பஞ்சம். முடிந்தவரை உறவுமுறை சொல்லியே எழுதுகிறேன்.)

நான்காம் பிலிப்புக்கு மூன்று மகன்கள்: லூயி, பிலிப், சார்லஸ். மகள் இசபெல்லா 1308-இல் இங்கிலாந்தின் இரண்டாம் எட்வர்டுக்கு வாழ்க்கைப்பட்டார். மூன்று மகன்களுக்கும் பர்கண்டியில்தான் பெண் எடுத்தார்கள். லூயிக்கு டியூக் வீட்டு மார்கரெட். பிலிப்புக்கும் சார்லசுக்கும் பக்கத்துக் கவுன்ட் வீட்டின் அக்கா தங்கைகள், ஜோனும் பிளான்சும். அந்த இருவரின் தாயார் மஹோ, ஆர்த்துவா சிற்றரசின் தலைவி. மஹோவை மறந்துவிடாதீர்கள்.

1314-இல் அரண்மனையே நாறிப்போன விவகாரம் ஒன்று நடந்தது. மூத்த மருமகள் மார்கரெட்டும் கடைசி மருமகள் பிளான்சும் இரண்டு நார்மன் வீரர்களோடு கள்ளத்தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. வீரர்கள் இருவரும் அண்ணன் தம்பி. அவர்களைப் போந்துவாஸில் சித்திரவதை செய்து கொன்றார்கள். மருமகள்களின் தலையை மழித்து, செய்ன் நதிக்கரையில் இருக்கும் ஷாட்டோ கயார் கோட்டையில் அடைத்தார்கள். நடு மருமகள் ஜோன், தெரிந்தும் மறைத்தார் என்று பிடிபட்டு, பிறகு குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். காட்டிக்கொடுத்தது நாத்தனார் இசபெல்லா என்று சில வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. அது உண்மையென்றால், அண்ணன்மார் இருவரின் குடும்பத்தை ஒரே அடியில் உடைத்து, தன் மகனின் பெயர் அரியணைப் பேச்சில் அடிபடவே வழி செய்தவர் அவர்தான்.

அந்த ஆண்டு நவம்பரில் நான்காம் பிலிப் இறந்தார். மூத்தவர் பத்தாம் லூயி ஆனார். சிறையிலேயே மார்கரெட் 1315-இல் இறந்துபோனார். அவர் பெற்ற ஒரே மகள் ஜோனுக்கு அப்போது மூன்று வயது. லூயி உடனே ஹங்கேரி அரச குடும்பத்தைச் சேர்ந்த கிளமென்சியாவை மணந்துகொண்டார். 1316 ஜூன் மாதம், வின்சென் அரண்மனையில், பந்தாட்டம் ஆடிக் களைத்துக் குளிர்ந்த ஒயினைக் குடித்தவர் படுத்த படுக்கையாகி இறந்தார். இளம் மனைவி கர்ப்பிணி.

முந்நூறு ஆண்டில் முதல் தடவையாக அரசருக்கு மகன் இல்லை. இருப்பது நான்கு வயது மகள் ஒன்று, வயிற்றில் ஒரு பிள்ளை. அந்தச் சிறுமியின் தாய்மீது களங்கம் இருந்தது. ஆனால் அவளை முறைதவறிப் பிறந்தவள் என்று எந்த நீதிமன்றமும் அறிவிக்கவில்லை.

நடுச் சகோதரர் பிலிப் அந்த நேரத்தில் லியோனில் இருந்தார். இரண்டு வருடமாகப் போப்பைத் தேர்ந்தெடுக்காமல் இழுத்தடித்த கார்டினல்களை ஒரு மடத்தில் வைத்துப் பூட்டி, தேர்ந்தெடுத்தால்தான் வெளியே விடுவேன் என்று காவல் போட்டிருந்தார். ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு இது ஒன்றே போதும். செய்தி கிடைத்ததும் பாரிசுக்கு வந்து ஆட்சிப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். சிறுமியின் தாய்மாமன், பர்கண்டி டியூக் ஓடோ, ஜூலையில் அவரோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். பிறப்பது ஆண் என்றால் அவனே அரசன், பிலிப் பொறுப்பாளர். பெண் என்றால், லூயியின் மகள்களுக்கு நவாரும் ஷாம்பெய்னும். பிரான்ஸ் மகுடத்தின் மீதுள்ள உரிமையைப் பெண்கள் வயது வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். பெண்ணுக்கு உரிமையே இல்லை என்று அப்போது எல்லோரும் நினைத்திருந்தால் இப்படி ஒரு ஷரத்தை எழுத வேண்டிய தேவை என்ன?

நவம்பர் நடுவில் குழந்தை பிறந்தது. ஆண். முதலாம் ஜான் என்று பெயர். ஐந்து நாள் உயிரோடு இருந்தது. பிறந்தது முதல் இறந்தது வரை அரசராகவே இருந்தவர் பிரெஞ்சு வரலாற்றில் அந்தக் குழந்தை மட்டும்தான். மஹோ விஷம் வைத்துவிட்டார் என்று வதந்தி. மருமகன் அரசரானால் லாபம் அவருக்கு என்பதால் பழி சுலபமாக ஒட்டிக்கொண்டது. ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஐந்து நாள் குழந்தை இறக்க விஷம் தேவையில்லை. நாற்பது ஆண்டு கழித்து சியன்னா நகரத்து வணிகர் ஒருவர், நான்தான் அந்த ஜான், தொட்டிலில் ஆள் மாற்றிவிட்டார்கள் என்று கிளம்பினார் என்பது தனிக் கதை.

ஆண் பிறந்து இறந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அந்த இடைவெளியில் பிலிப் நுழைந்தார். 1317 ஜனவரி 9 அன்று ரைம்ஸ் நகரில் முடிசூட்டு விழா. நகர வாசல்களை அடைத்துக் காவல் போட்டுவிட்டு நடந்த விழா அது. பெரும் பிரபுக்களில் பலர் வரவில்லை. சொந்தத் தம்பி சார்லஸ் அன்று காலையிலேயே கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். சிறுமி ஜோனின் அம்மாவைப் பெற்ற பாட்டி, புனித லூயி அரசரின் மகளான ஆக்னஸ், பேத்தியின் உரிமையைத் தீர்க்காமல் முடிசூட்டக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், மகுடத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெரும் பிரபுக்களின் வரிசையில் மாமியார் மஹோ நின்றார். ஆர்த்துவா அவருடையது, ஆகவே அந்த மரியாதையும் அவருக்கு. ஒரு சிறுமி பெண் என்பதால் மகுடம் இல்லை என்று ஆன இடத்தில், அந்த மகுடத்தைப் பிடிக்க ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது.

பிப்ரவரி தொடக்கத்தில் பாரிசில் பிரபுக்கள், பிஷப்புகள், நகரப் பெரியவர்கள், பல்கலைக்கழக அறிஞர்கள் எல்லோரையும் பிலிப் கூட்டினார். பிரான்ஸ் நாட்டின் மகுடத்துக்குப் பெண் வாரிசாக மாட்டாள் என்று அங்கே அறிவித்தார்கள். காரணம், முன்னுதாரணம், சட்டப் பிரிவு எதுவும் சொல்லவில்லை. முடி சூடி எண்ணெய்ப் பூச்சும் பெற்ற ஒரு வளர்ந்த ஆண் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து வேறென்ன சொல்ல முடியும்?

கோபித்துக்கொண்டு போன தம்பி என்ன ஆனார்? அதே மாதத்தில் பிலிப்பின் கைக்குழந்தை மகன் இறந்துபோனான். இனி பிலிப்புக்கு மகள்கள் மட்டுமே. பெண்ணுக்கு உரிமையில்லை என்ற விதி அப்படியே நின்றால் அடுத்த அரசர் யார் என்று சார்லஸ் கணக்குப் போட்டார். அண்ணனோடு சமாதானமாகிவிட்டார். தாய்மாமன் ஓடோவும் 1318-இல் வழிக்கு வந்தார். அக்கா மகளின் உரிமையை விட்டுக்கொடுத்தார்; பதிலுக்குப் பிலிப்பின் மூத்த மகள் அவருக்கு மனைவியானார். அந்தப் பெண் பின்னாளில் தாய்வழியில் கொண்டுவந்த சொத்து ஆர்த்துவாவும் பர்கண்டிக் கவுன்ட் நாடும். ஆறு வயது ஜோனையும் அதே ஆண்டில் எவ்ரூ வீட்டுப் பிலிப்புக்குக் கட்டிவைத்தார்கள். அவரும் அரச குடும்பத்துப் பங்காளிதான்.

இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1328-ஐத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு 1317-தான் முக்கியம். 1322 ஜனவரியில் ஐந்தாம் பிலிப் நான்கு மகள்களை விட்டுவிட்டு இறந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. தம்பி நான்காம் சார்லஸ் நேராகப் போய் உட்கார்ந்தார். அண்ணன் மகளைத் தள்ளுவதற்காகப் பிலிப் வகுத்த வழி அவருடைய சொந்த மகள்களையே தள்ளியது. இரண்டு முறை நடந்துவிட்டால் அது வழக்கம். வழக்கத்தைச் சட்டம் என்று சொல்ல அதிக நாள் ஆகாது.

1328 பிப்ரவரி 1 அன்று நான்காம் சார்லசும் இறந்தார். மறுபடியும் அதே காட்சி: மனைவி கர்ப்பிணி. ஏப்ரல் 1-ஆம் தேதி பெண் பிறந்தது. மூன்று அண்ணன் தம்பிகளும் போயாயிற்று. ஒருவருக்கும் மகன் இல்லை.

இப்போது போட்டியில் யார் யார்? வலுவா என்ற சிற்றரசின் பிலிப், இறந்த அரசருக்குச் சித்தப்பா மகன், நேரான ஆண்வழிப் பங்காளி, வயது 35. இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட், தங்கை இசபெல்லாவின் மகன், வயது 15. மருமகன் என்ற முறையில் இறந்தவருக்கு மிக நெருங்கிய ஆண் உறவு எட்வர்ட்தான். பெண் ஆளக் கூடாது என்பதை இங்கிலாந்துத் தரப்பு மறுக்கவே இல்லை. என் அம்மா ஆள முடியாது, சரி. ஆனால் அவர் வழியாக உரிமை எனக்கு வரலாமே, நான் ஆண்தானே என்பது அவர்கள் வாதம். தன்னிடம் இல்லாததை ஒருத்தி எப்படி இன்னொருவருக்குக் கொடுப்பாள் என்பது பாரிசின் பதில்.

கேட்க நறுக்கென்று இருக்கும் பதில்தான். ஆனால் எட்வர்டின் வாதத்தில் இருந்த உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பெண் வழியாக உரிமை போகலாம் என்று வைத்துக்கொண்டால், மூத்த அண்ணன்களின் மகள்கள் இருக்கிறார்களே. ஐந்தாம் பிலிப்பின் மகளுக்கும் டியூக் ஓடோவுக்கும் 1323-இல் பிறந்த பையன் ஒருவன் அப்போது உயிரோடு இருந்தான். பத்தாம் லூயியின் மகள் ஜோனுக்கு 1332-இல் ஒரு மகன் பிறந்தான். ‘கெட்ட சார்லஸ்’ என்று பின்னால் பெயரெடுத்தவன். மூத்த கிளை என்று பார்த்தால் எட்வர்ட் இவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆகவே அவர் வழக்கறிஞர்கள் மூப்பை விட்டுவிட்டு நெருக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: அவர்கள் பேரன் முறை, நான் மருமகன் முறை, ஒரு படி நெருக்கம் என்று.

வாதமெல்லாம் ஒரு பக்கம். அன்றைக்கு முடிவு செய்தவை வேறு விஷயங்கள். எட்வர்ட் பையன், அதிகாரம் அவன் அம்மா கையிலும் அவர் காதலர் மார்ட்டிமர் கையிலும் இருந்தது. கணவரை அரியணையிலிருந்து இறக்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வலுவாக்காரர் பாரிசிலேயே இருந்தார், ஆட்சிப் பொறுப்பு ஏற்கனவே அவர் கையில் இருந்தது, பிரபுக்களில் பாதிப்பேர் அவருக்கு உறவு. மே மாதம் இங்கிலாந்து இரண்டு பிஷப்புகளை அனுப்பி உரிமையைச் சொல்ல வைத்தது. யாரும் காது கொடுக்கவில்லை. மே 29 அன்று ஆறாம் பிலிப்பாக அவர் முடிசூடினார். ஃபிளாண்டர்ஸ்காரர்கள் ‘கண்டெடுத்த ராஜா’ என்று அவரைக் கேலி செய்ததாகச் சொல்வார்கள். அந்த ஆகஸ்டிலேயே காசெல் என்ற இடத்தில் அவர்களை அவர் தோற்கடித்தார்.

நவார் மட்டும் பிரான்சோடு வரமாட்டேன் என்றது. அங்கே பெண் ஆள்வது பழகிய விஷயம். லூயியின் மகள் ஜோனைக் கூப்பிட்டார்கள். 1329 மார்ச்சில் பாம்ப்லோனாவில் அவருக்கும் கணவருக்கும் முடிசூட்டினார்கள். பிரான்சில் உரிமையில்லை என்று தள்ளிய அதே பெண், அதே அப்பாவின் மகள் என்ற முறையில், மலைக்கு அந்தப் பக்கம் ராணி. ஷாம்பெய்னை மட்டும் ஆறாம் பிலிப் கொடுக்கவில்லை. பாரிசுக்கு அவ்வளவு பக்கத்தில் இன்னொரு கிளை பலமாக உட்காருவதை எந்த அரசரும் விரும்பமாட்டார். பதிலுக்குச் சில்லறை நிலங்களைக் கொடுத்துச் சமாளித்தார்.

எட்வர்ட் உடனே போருக்குப் போனாரா? இல்லை. 1329 ஜூனில் அமியான் நகரத்துப் பேராலயத்துக்கு வந்து, தென்மேற்குப் பிரான்சில் தனக்கிருந்த குயென் நிலத்துக்காக ஆறாம் பிலிப்பின் முன்னால் பணிந்து விசுவாசம் சொன்னார். 1331-இல் அது முழு விசுவாசம்தான் என்று கடிதமும் எழுதிக்கொடுத்தார். ஒருவரை அரசர் என்று ஏற்றுப் பணிந்துவிட்டு, பிறகு அந்த அரியணையே என்னுடையது என்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. அவருக்கு உண்மையில் எரிச்சல் மூட்டியது அந்தக் குயென்தான். தன் நாட்டில் அரசராக இருப்பவர் இன்னொரு அரசரின் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அங்கே போட்ட தீர்ப்பை எதிர்த்து எவன் வேண்டுமானாலும் பாரிசுக்கு மேல்முறையீடு போகலாம்.

இங்கே மஹோ மறுபடி வருகிறார். ஆர்த்துவா அவர் கைக்கு வந்ததே ஒரு வாரிசு வழக்கில்தான். அவர் அப்பா 1302-இல் கோர்ட்ரே போரில் இறந்தார். மஹோவின் தம்பி அதற்கு முன்பே, 1298-இல், இறந்திருந்தார். தம்பிக்கு ராபர்ட் என்று ஒரு மகன் இருந்தான். ஆண்வழிப் பேரனா, உயிரோடு இருக்கும் மகளா? ஆர்த்துவா வழக்கப்படி முன்பே இறந்துபோன மகனின் இடத்தில் பேரன் நிற்க முடியாது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கே சொத்து. அத்தை ஜெயித்தார். ராபர்ட் வளர்ந்து 1309-இல் வழக்குப் போட்டார், தோற்றார். 1318-இல் மறுபடியும் தோற்றார்.

இந்த ராபர்ட்தான் 1328-இல் வலுவாவின் பிலிப்பை அரியணையில் ஏற்றியவர்களில் முன்னால் நின்றவர். புதிய அரசரின் தங்கைதான் அவர் மனைவி. மைத்துனர் அரசராகிவிட்டார், இனி ஆர்த்துவா நமக்குத்தான் என்று நம்பினார். 1329-இல் மஹோ இறந்ததும் திடீரென்று பழைய பத்திரங்கள் முளைத்தன: தாத்தா தன் கைப்பட முத்திரை வைத்து ஆர்த்துவாவை ராபர்ட்டின் அப்பாவுக்கு எழுதிவைத்தார் என்று. எல்லாம் கள்ளப் பத்திரம். தயாரித்துக் கொடுத்த பெண்ணை 1331-இல் உயிரோடு எரித்தார்கள். ராபர்ட் நாடு கடத்தப்பட்டு, சுற்றித் திரிந்து, கடைசியில் எட்வர்டிடம் தஞ்சம் புகுந்தார். ஆண்வழிதான் பெரிது என்று ஆயுள் முழுக்க வழக்காடியவர், பெண்வழிப் பேரனைப் பார்த்து பிரான்ஸ் உன்னுடையது என்று தூண்டிவிடும் நிலைக்கு வந்தார். 1337 மே மாதம் குயெனைப் பறிமுதல் செய்தபோது ஆறாம் பிலிப் சொன்ன காரணங்களில் ஒன்று, என் எதிரி ராபர்ட்டுக்கு நீ இடம் கொடுத்தாய் என்பது. நாம் நூறாண்டுப் போர் என்று சொல்வது அங்கேதான் தொடங்குகிறது.

அரியணை உரிமையை எட்வர்ட் முழுமூச்சாகக் கையில் எடுத்தது அதற்கும் பிறகு. 1340 ஜனவரியில் ஃபிளாண்டர்ஸின் கென்ட் நகரத்தில் தன்னைப் பிரான்சின் அரசர் என்று அறிவித்து, தன் சிங்கங்களோடு பிரான்சின் லில்லிப் பூக்களையும் சின்னத்தில் சேர்த்துக்கொண்டார். கென்ட் ஏன்? ஃபிளாண்டர்ஸ் நகரங்களுக்கு இங்கிலாந்துக் கம்பளி வேண்டும். ஆனால் பிரெஞ்சு அரசரை எதிர்த்தால் போப்பிடம் பெரும் தொகை கட்ட வேண்டும் என்று முன்பே பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எட்வர்டே பிரெஞ்சு அரசர் என்று ஆகிவிட்டால் யாரையும் எதிர்த்ததாக ஆகாதே! ஆகவே உங்கள் ‘ஏன்’ என்ற கேள்விக்கு என் பதில்: வாதத்தில் சத்து இருந்தது, ஆனால் போரைக் கொண்டுவந்தது அது இல்லை. குயெனுக்காகத் தொடங்கிய சண்டையில் அது கைக்கு அடக்கமான ஆயுதமாகிவிட்டது.

அடுத்த ஆண்டே நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இந்த அரசர்கள் கொள்கையை எவ்வளவு மதித்தார்கள் என்று தெரியும். 1341 ஏப்ரலில் பிரிட்டனி டியூக் மூன்றாம் ஜான் பிள்ளையில்லாமல் இறந்தார். முன்பே இறந்த கூடப்பிறந்த தம்பியின் மகள், அவளும் ஜோன், ஒரு பக்கம். மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி மோன்ஃபோர் ஜான் இன்னொரு பக்கம். மோன்ஃபோர் சொன்னார்: பிரிட்டனி இப்போது பிரான்சின் உயர்நிலைப் பிரபுத்துவங்களில் ஒன்று, ஆகவே மகுடத்துக்கு உள்ள விதிதான் இதற்கும், பெண்ணுக்கு இடமில்லை. ஜோன் தரப்பு சொன்னது: பிரிட்டனி வழக்கப்படி அப்பாவின் இடத்தில் மகள் நிற்கலாம்.

ஆண்வழி என்ற ஒரே காரணத்தால் அரசரான ஆறாம் பிலிப் யார் பக்கம் நின்றிருக்க வேண்டும்? அவர் நின்றது பெண் பக்கம். ஜோனின் கணவர் சார்லஸ் அவருடைய சொந்தத் தங்கை மகன். செப்டம்பரில் கோன்ஃப்லானில் தீர்ப்பு, சார்லஸ் தம்பதிக்குச் சாதகம். பெண்வழி உரிமையைச் சொல்லி வாளெடுத்த எட்வர்டோ, பெண்ணுக்கு இடமில்லை என்ற மோன்ஃபோரைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு அரச வீடுகளும் தங்கள் சொந்த வாதத்துக்கு எதிரான வாதத்துக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்களைச் சாகவிட்டார்கள். மோன்ஃபோரைச் சிறையில் அடைத்தபோது அவர் மனைவி, இவரும் ஜோன்தான், எனெபோன் கோட்டைக்குள் இருந்து முற்றுகையைச் சமாளித்தார். ஆர்த்துவாவின் ராபர்ட் 1342-இல் இந்தப் போரில் காயம்பட்டுத்தான் இறந்தார். 1364-இல் ஓரே சண்டையில் சார்லஸ் கொல்லப்பட்டு, மறு ஆண்டு கெரோந்த் உடன்படிக்கையில் மோன்ஃபோர் மகனுக்கு டியூக் பட்டம் உறுதியானது; ஆண் இருக்கும்வரை பெண்ணுக்கு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஆண் வரிசை 1488-இல் தீர்ந்துபோய், பதினொரு வயது ஆன் என்ற மகள்தான் மிச்சம். அவரை இரண்டு பிரெஞ்சு அரசர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கட்டிக்கொண்டார்கள். பிரிட்டனி பிரான்சுக்குள் வந்த வழி அதுதான்.

சரி, சாலிக் சட்டம். அது ஃபிராங்க் இனத்தாரின் பழைய சட்டத் தொகுப்பு; 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டியது. பெரும்பகுதி அபராதப் பட்டியல்: பன்றி திருடினால் எவ்வளவு, விரலை வெட்டினால் எவ்வளவு. அதில் ஓரிடத்தில் சாலிய நிலத்தில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று ஒரு வரி வருகிறது. அது நிலத்தைப் பற்றியது, அரியணையைப் பற்றியதல்ல. அதையும்கூட அதே நூற்றாண்டில் சில்பெரிக் அரசர் தளர்த்தி, மகன் இல்லாவிட்டால் மகளுக்கு என்று ஆணையிட்டார். 1358-இல் சாந்தெனி மடத்துத் துறவி ரிஷார் லெஸ்கோ இந்தத் தொகுப்பை மடத்துச் சுவடிகளில் கண்டு எடுத்துச் சொன்னார். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் து மோந்த்ரெய் என்ற அரச எழுத்தர் இங்கிலாந்துக்கு எதிராக எழுதும்போது அந்த வரியை எடுத்தாண்டார். எடுத்தாளும்போது ‘அரசில்’ என்று ஒரு சொல்லையும் நடுவில் சொருகினார். அதற்குப் பிறகுதான் அது ஆதிகாலத்திலிருந்து மாறாத சட்டம் என்ற பெயரைப் பெற்றது.

பெயர் பெற்ற பிறகு அதன் பலம் நிஜமானது, அதை மறுக்க முடியாது. 1589-இல் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஹென்றி கொலையானபோது ஆண்வழியில் அடுத்தவர் நவாரின் ஹென்றி. இறந்தவரும் இவரும் ஆண்வழியில் சந்திக்கும் முன்னோர் 1270-இல் இறந்த புனித லூயி. போதாததற்கு அவர் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்கத் தரப்பு, இறந்தவரின் அக்கா மகளான ஸ்பெயின் இளவரசியை ராணியாக்கலாம் என்று பேசியது. 1593 ஜூனில் பாரிஸ் நீதிமன்றம் சாலிக் சட்டத்தைச் சொல்லி அதைத் தடுத்தது. ஹென்றி அடுத்த மாதமே மதம் மாறி வழியைச் சுத்தமாக்கிக்கொண்டார்.

எட்வர்ட் பக்கம் இன்னொன்று பாக்கி இருக்கிறது. சாவதற்கு முந்தைய ஆண்டு, 1376-இல், இங்கிலாந்து மகுடம் யாருக்குப் போக வேண்டும் என்று அவர் ஒரு ஆணை எழுதினார். ஆண் வாரிசுகளுக்கு மட்டும். மூத்த மகனுக்கு அடுத்த மகன் லயனலின் மகள் ஃபிலிப்பாவையும் அவள் பிள்ளைகளையும் அது ஒதுக்கியது. தாய்வழியாகப் பிரான்ஸ் வேண்டும் என்று முப்பத்தைந்து ஆண்டு சண்டை போட்டவர், தன் வீட்டில் பேத்திக்கு இடமில்லை என்றார். 1399-இல் அரியணையைப் பிடித்த ஆண்வழிப் பேரன் லங்காஸ்டர் ஹென்றிக்கு இது வசதியாகப் பொருந்தியது. ஆனால் அவர் மகன் ஐந்தாம் ஹென்றி 1415-இல் பிரான்சின் அசின்கோர்ட் போருக்குப் போனபோது சுமந்து போன வாதம் எட்வர்டின் பழைய பெண்வழி வாதம். அந்த வாதத்தையே நேராகப் பிடித்தால், பிரான்ஸ் மட்டுமல்ல, இங்கிலாந்தும் ஃபிலிப்பாவின் பேரன் எட்மண்ட் மார்ட்டிமருக்குச் சேர வேண்டியது. மார்ட்டிமர் உரிமையைப் பின்னால் பெண்வழியாகவே பெற்ற யார்க் குடும்பம் அதைச் சொல்லித்தான் இங்கிலாந்தின் உள்நாட்டுச் சண்டையான ரோஜாப் போர்களில் மகுடம் கேட்டது.

கைவிட்ட கதை சுருக்கமானது. 1360 பிரெட்டிஞி உடன்படிக்கையில் நிலத்துக்கு ஈடாகப் பட்டத்தை விடுவதாக எட்வர்ட் ஒப்புக்கொண்டார். 1369-இல் போர் மூண்டதும் மறுபடி சூட்டிக்கொண்டார். 1420-இல் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சு அரசரின் மகளைக் கட்டி வாரிசாக ஒப்பந்தம் பெற்றார். அவர் மகன் ஆறாம் ஹென்றிக்கு 1431-இல் பாரிசிலேயே முடிசூட்டு நடந்தது. 1453-இல் கலே துறைமுகம் தவிர எல்லாம் போயிற்று. 1558-இல் கலேயும் போயிற்று. பட்டம் மட்டும் போகவில்லை. இங்கிலாந்தின் ஒவ்வொரு அரசரும், அரசியும்கூட, பிரான்சின் ஆட்சியாளர் என்று கையெழுத்துக்கு மேலே போட்டுக்கொண்டே இருந்தார்கள். அயர்லாந்து இணைப்பை ஒட்டி 1801 ஜனவரி 1 முதல் மூன்றாம் ஜார்ஜ் அந்தப் பட்டத்தையும் சின்னத்திலிருந்த லில்லிப் பூக்களையும் எடுத்துவிட்டார். அதற்கு எட்டு வருடம் முன்பே பிரான்ஸ் தன் அரசரின் தலையை வெட்டியிருந்தது.